ஈயமும் இதயமும்

தமிழில் ஈயம் என்பது ஒரு சொல். அது குறிக்கும் உலோகங்களோ இரண்டு. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இரண்டும் மென்மையானவை; இரண்டும் எளிதில் உருகுபவை; புதிதாக உருக்கி ஊற்றும்போது இரண்டும் வெள்ளியைப் போல் மின்னுபவை. ஆனால் மனித உடலோடு இவற்றிற்குள்ள உறவு முற்றிலும் வேறானது. வெள்ளீயத்தை நம் முன்னோர் உணவுப் பாத்திரத்தின் காப்பாகப் பூசினர். காரீயமோ, நாவுக்கும் மூக்குக்கும் தன் வரவை அறிவிக்காமல் உட்புகுந்து, எலும்பில் குடியேறி, பல்லாண்டுகள் கழித்து இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் தாக்கும் தன்மையுடையது. பேச்சு வழக்கில் 'கார்', 'வெள்' என்னும் அடைகள் உதிர்ந்து, 'ஈயம்' மட்டுமே எஞ்சியது. இவ்விரு உலோகங்களையும் பிரித்தறிந்த வரலாற்றையும், அப்பகுத்தறிவு தளர்ந்ததால் விளைந்த கேட்டையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

உலோகக் கேடு என்றவுடன் பெருநகரத்து உருக்காலைகளையும் புகைபோக்கிகளையுமே நாம் நினைக்கிறோம். அவ்வெண்ணம் முழுமையானதன்று. எனவே இவ்வாராய்ச்சிக்குக் களமாக இரண்டு நடுத்தர ஊர்களை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னது கோபுரத்தாலும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவாலும் பெயர் பெற்றது. பின்னது 1930களில் வேரூன்றிய பஞ்சாலைத் தொழிலால் வளர்ந்தது. அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. சற்றுத் தொலைவில் சிவகாசி, பட்டாசும் அச்சும் செய்கிறது. இவ்வூர்களில் ஈய உருக்காலையின் நிழலில் வாழ்ந்தோர் என்று எவரையும் சுட்ட முடியாது. ஆயினும் தென்தமிழ்நாட்டின் எந்த ஊரையும் போலவே இங்கும் பித்தளைப் பானையும் ஈயச் சொம்பும் புளிக்குழம்பும் வாழ்வின் பகுதிகளாயின. சாதாரண ஊர்களின் சாதாரண வழிகளில் ஓர் உலோகம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதே நாம் அறிய வேண்டியது.

கடாரத்திலிருந்து வந்த கலாய்

செம்பிலும் பித்தளையிலும் புளிப்புள்ள உணவு தங்கினால் களிம்பு ஏறும்; உண்டால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். இதனைத் தடுக்கப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசுவது பழைய வழக்கம். தரையில் குழி தோண்டிக் கரி மூட்டி, துருத்தியால் ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயக் குச்சியை உரசி, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றித் தேய்ப்பார்கள். வெண்புகை எழுந்து அடங்கும்போது உட்புறம் நிலவொளி போல் வெளுத்திருக்கும். வீதிகளில் ஈயம் பூசுவோரின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

இப்பூச்சுக்குத் தமிழில் 'கலாய்' என்றும் பெயருண்டு. இச்சொல்லின் வழித்தடம் சுவையானது. அரபு மொழியில் வெள்ளீயத்தை 'ரஸாஸ் கலயீ' என்பர். கலஹ் என்னும் துறைமுகத்திலிருந்து வரும் ஈயம் என்பது அதன் பொருள். கலஹ் என்பது மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள கெடா என்று அறிஞர் பலர் கருதுவர். தமிழர் கடாரம் என்று அழைத்ததும், இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்துச் சென்றதும் அந்நிலமே. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளின் அரபு வணிகக் குறிப்புகள் கலஹ் துறையையும் அதன் ஈயத்தையும் குறிப்பிடுகின்றன. அத்துறையின் பெயர் அரபுக் கப்பல்களில் ஏறி, பாரசீக, உருது மொழிகளின் வழியே, தமிழ்நாட்டுத் தெருவில் பாத்திரம் பூசுபவரின் வாயில் வந்து நின்றது. மேற்கிந்தியாவில் கலாய்கர் என்ற பெயரிலேயே முஸ்லிம் கைவினைஞர் குழுவினர் உள்ளனர்.

இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அரபியில் 'ரஸாஸ்' என்ற பொதுச்சொல்லும் தமிழின் 'ஈயம்' போன்றே இரண்டு உலோகங்களையும் தழுவியது. இலத்தீன் மொழியிலும் 'பிளம்பம்' என்பதற்குக் கருமை, வெண்மை என்னும் அடைகளைச் சேர்த்தே இரண்டையும் வேறுபடுத்தினர். ஆக, இக்குழப்பம் ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று. கண்ணால் காண்பதைக் கொண்டு பெயரிட்ட பண்டைய சமுதாயங்கள் சிலவும் இதே இடத்தில் தடுமாறின.

எடைபோட்டு அறிந்தவர்கள்

அத்தடுமாற்றத்தைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் அபூ ரைஹான் அல்-பீரூனி (973–1048). கூம்பு வடிவக் கலம் ஒன்றில் நீரை நிரப்பி, ஒரு பொருளை அதில் இட்டு, வழிந்தோடும் நீரை நிறுத்துப் பார்த்து, உலோகங்களும் மணிகளுமாகிய 18 பொருள்களின் ஒப்படர்த்தியை அவர் கணித்தார். கனிமங்கள் பற்றிய தம் 'அல்-ஜமாஹிர்' என்னும் நூலிலும் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் தனித்தனியாகவே வைத்துப் பேசினார். அவருடைய அளவுகளைப் பின்னர் அல்-காஸினி, 1121ஆம் ஆண்டளவில் இயற்றிய 'மீஸானுல் ஹிக்மா' என்னும் தராசு நூலில் பாதுகாத்தார். காரீயம் நீரைப் போல் 11 மடங்குக்குச் சற்று மேல் கனமுடையது. வெள்ளீயம் 7 மடங்குக்குச் சற்று மேல். கண் ஏமாறலாம், தராசு ஏமாறாது என்பதை நிறுவிய இப்பணியின் அருமை இன்றுதான் நமக்கு முழுமையாகப் புலப்படுகிறது.

அர்-ராஸி, பாதரசத்தின் தன்மையை அறியக் குரங்கொன்றுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்ததாகக் குறித்துள்ளார். கடைத்தெருவைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரியை அமர்த்திய அக்காலச் சமுதாயம், அவருக்காகத் தனி வழிகாட்டி நூல்களையும் எழுதி வைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அஷ்-ஷைஸரியின் நூல், சமைப்பவரின் பாத்திரத் தூய்மையையும், பண்டம் பொரிக்கும் சட்டியின் உலோகத் தரத்தையும் கூட விட்டுவைக்கவில்லை. உண்ணும் பொருள் மட்டுமன்றி அது தங்கும் கலமும் பொதுநலத்திற்குரிய செய்தி என்னும் தெளிவு அன்றே இருந்தது.

இந்தியச் சட்டமும் இத்தெளிவை ஏற்றதே. 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளுள் 49ஆம் விதி, முறையாக ஈயம் பூசப்படாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைத்த உணவை உண்ணத் தகாததாகக் கருதியது. ஆனால் 'முறையாக' என்னும் அச்சொல் ஒரு பெரும் சுமையைத் தாங்கி நிற்கிறது. வெள்ளீயத்தின் சந்தை விலை காரீயத்தின் விலையைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருப்பது. மின்கம்பிகளைப் பற்றவைக்கும் பற்றாசிலோ இரண்டும் கலந்தே இருக்கும். இந்நிலையில், பூசுபவர் கையிலுள்ள குச்சி முழுதும் வெள்ளீயந்தானா என்பதைப் பூசியபின் எவராலும் கண்ணால் சொல்ல இயலாது. பூசுபவரே அதனை அறியாதிருக்கக் கூடும். அவர் வாங்கிய கடையில் அதன் பெயர் வெறும் 'ஈயம்' என்பதாகவே இருந்திருக்கும். கலப்பு இருந்தால் முதலில் அதன் புகையையும் தூசையும் சுவாசிப்பவர் அவரே என்பதையும் மறத்தல் கூடாது.

குடலிலிருந்து குருதிக் குழாய்க்கு

காரீயம் நஞ்சு என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். ஆனால் எவ்வுறுப்பின் நஞ்சு என்பதில்தான் அதன் கருத்து காலந்தோறும் மாறிவந்துள்ளது. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவைச் சேர்ந்த பவுல் என்னும் மருத்துவர், கடும் வயிற்று வலியும் அதன்பின் கைகால் முடக்கமும் உண்டாக்கிய கொள்ளை நோயொன்றை விவரித்தார். அது காரீய நஞ்சாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. அவருடைய நூலை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் பெயர்த்தமையால் அவ்வறிவு இஸ்லாமிய மருத்துவத்திலும் இடம்பெற்றது. 1767இல் ஜார்ஜ் பேக்கர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பரவிய வயிற்று வலிக்கு ஆப்பிள் மதுவில் கலந்த காரீயமே காரணம் என்று காட்டினார். 1839இல் பிரான்சில் தாங்கரெல் என்னும் மருத்துவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து பெருநூல் எழுதினார். இவையெல்லாம் வயிற்றையும் நரம்பையும் பற்றியவை. இதய மருந்துகளுக்கெனத் தனி நூல் இயற்றிய இப்னு ஸீனாவின் காலத்திலும், அதன்பின் பல நூற்றாண்டுகளிலும், காரீயத்தை இதயத்தோடு இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவர்க்கு எளிதாக இல்லை. காரணம், கேடு நுழைவதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே ஒரு தலைமுறையே கடந்துவிடுகிறது.

அந்த இடைவெளியை உலகிற்குக் காட்டியது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம். அங்கு மரவீடுகளின் தாழ்வாரங்களில் பூசிய காரீய வண்ணம் வெயிலில் பொடியாகி உதிர, விளையாடிய குழந்தைகளின் விரல் வழியே அது வாய்க்குள் சென்றது. 1904இல் கிப்சன் என்னும் கண் மருத்துவர் இதனைக் கண்டறிந்தார். அக்குழந்தைகளுள் பலர் பிழைத்தனர். ஆனால் 1929இல் நை என்பவரும், 1954இல் ஹெண்டர்சன் என்பவரும் தொடர்ந்து ஆராய்ந்தபோது, குழந்தைப் பருவத்தில் காரீய நஞ்சுக்கு ஆளானவர்கள் வளர்ந்தபின் சிறுநீரக நோயாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் இளவயதிலேயே மாண்டமை தெரியவந்தது.

இதன் செயல்முறை இன்று பெரும்பாலும் விளங்கிவிட்டது. உடலின் பார்வையில் காரீயம் சுண்ணாம்புச் சத்தைப் போன்றது. ஆகவே கால்சியம் செல்லும் வழியெல்லாம் அதுவும் செல்கிறது. குருதியில் அதன் தங்கல் ஏறத்தாழ ஒரு மாதமே. எலும்பிலோ பல பத்தாண்டுகள். பெரியவரின் உடலிலுள்ள காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் உறைகிறது. கருவுற்ற காலத்திலும், மாதவிலக்கு நின்றபின் எலும்பு தேயும் காலத்திலும், முதுமையிலும் அது மீண்டும் குருதியில் கலக்கிறது. குருதிக் குழாயின் உட்படலத்தைப் புண்படுத்துகிறது; குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது; சிறுநீரகத்தை நலிவிக்கிறது; அழுத்தத்தை உயர்த்துகிறது. மாரடைப்பு வந்த நாளில் மருத்துவமனைக் குறிப்பில் சர்க்கரை, கொழுப்பு, புகை, அழுத்தம் என்றெல்லாம் எழுதப்படும். அவ்வழுத்தத்தின் பின்னே நாற்பது ஆண்டுகளுக்கு முன் உண்ட உணவின் கலம் நிற்கக் கூடும் என்பது எவர் நினைவிலும் எழாது.

அளவுகோல் இறங்கிய வரலாறு

எவ்வளவு காரீயம் தீங்கானது என்னும் வினாவிற்கு விஞ்ஞானம் தந்த விடைகளின் வரிசையே ஒரு படிப்பினை. 1960களில் அமெரிக்காவில், குழந்தைகளின் 100 மில்லிலிட்டர் குருதியில் 60 மைக்ரோகிராம் வரை கவலையில்லை என்றனர். அது 1975இல் 30ஆகவும், 1985இல் 25ஆகவும், 1991இல் 10ஆகவும், 2012இல் 5ஆகவும், 2021இல் 3.5ஆகவும் இறங்கியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒவ்வொரு முறை கோல் இறங்கியபோதும், முந்தைய கோலின்கீழ் 'நலமாக' இருந்தவர்கள் நலமாக இருக்கவில்லை என்பதே வெளிப்பட்டது.

இப்பெருங்கேட்டைக் காற்றில் ஏற்றியது பெட்ரோல். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சினின் தட்டொலியை அடக்கக் காரீயச் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ நூறாண்டு காலம் உலகச் சாலைகள் அப்புகையைக் குடித்தன. 1965இல் கிளேர் பேட்டர்சன் என்னும் புவிவேதியியலார், அக்கால மனிதரின் உடலிலுள்ள காரீயம் இயற்கையான அளவைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்று கூறியபோது தொழிலுலகம் அவரை எதிர்த்தது. இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று; 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இறுதியாக 2021 ஜூலையில் அல்ஜீரியா நாடு காரீயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியதோடு அவ்வரலாறு முடிவுற்றது.

புகை நின்றபின்னும் கேடு நிற்கவில்லை. 2009இல் வெளியான ஆய்வொன்றில், சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் சராசரி அளவு 11 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் இருந்தது. 2018இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் லான்பியர் குழுவினர், அமெரிக்காவில் 14,289 பெரியவர்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்டதை வெளியிட்டனர். குருதியில் 1 மைக்ரோகிராம் உடையவரைக் காட்டிலும் 6.7 மைக்ரோகிராம் உடையவர் இதய, இரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதியாக இருந்தது. 2023இல் அமெரிக்க இதயச் சங்கம், காரீயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய மூன்றையும் இதய நோய்க்குரிய ஆபத்துக் காரணிகளாக அறிவித்தது. அதே ஆண்டில் உலக வங்கி ஆய்வாளர்கள், 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 55 இலட்சம் பெரியவர்கள் காரீயத்தால் விளைந்த இதய, இரத்தக்குழாய் நோயால் மாண்டிருக்கலாம் என்று கணக்கிட்டனர். அதற்கு முந்தைய மதிப்பீடுகள் 9 இலட்சம் என்ற அளவிலேயே இருந்தன. இவை கணித மாதிரிகளால் பெற்ற எண்கள். மேலும் கீழுமாக வேறுபடலாம். ஆனால் குறைந்த எண்ணையே ஏற்றுக்கொண்டாலும், அலட்சியம் செய்யத்தக்க எண் அதுவன்று.

மற்ற இரண்டு உலோகங்களையும் ஒரு சொல்லில் தொட்டுச் செல்வோம். காட்மியம் புகையிலையில் தங்குவது. பீடியும் சிகரெட்டும் அதனை நேராக நுரையீரலுக்கு அனுப்புகின்றன. ஆர்சனிக், வங்கதேசத்தின் குழாய்க் கிணறுகளில் கோடிக்கணக்கானோரை வருத்தியது. அங்கு ஆரைஹஜார் பகுதியில் 11,746 பேரைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நீரில் ஆர்சனிக் மிகுந்தால் இதய நோய் மரணமும் மிகுவதைக் காட்டியது. புகைப்போரிடம் அது இன்னும் கூடியது.

ஊருக்குள் நுழையும் வாயில்கள்

மீண்டும் நம் இரு ஊர்களுக்கு வருவோம். தென்தமிழ்நாட்டுச் சமையலின் உயிர் புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் காரீயத்தைக் கரைக்க வல்லது. ஆகவே கலாயில் கலப்பு இருந்தால் அதனை முதலில் வெளிக்கொணர்வது இரசமும் புளிக்குழம்புமே. பாலில் அமிலம் மிகக் குறைவு. அதனால் கோவா கிண்டும் வாணலியைவிட இரசம் கொதிக்கும் சொம்பே நம் கவனத்திற்குரியது. 1998இல் வெளியான இந்திய ஆய்வொன்று, பிரஷர் குக்கரில் புளிக்கரைசலைக் கொதிக்க வைத்துப் பார்த்து, ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் காரீயத்தைக் கசியவிட்டதைக் காட்டிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான பித்தளை, அலுமினிய, இண்டாலியப் பாத்திரங்கள் சிலவற்றில் காரீயக் கசிவு இருப்பதாக எச்சரித்தது. எஞ்சின் பாகங்களும் பழைய தகடுகளும் ஒன்றாக உருக்கப்படும்போது, அலுமினியத்திலும் காரீயம் நுழைகிறது.

சாலை ஓரத்து மண்ணில் படிந்த பெட்ரோல் காரீயம், 2000க்குப் பின்னும் மண்ணோடு மண்ணாகவே இருக்கும். வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவும் சன்னலும் எத்தனையோ வீடுகளில் இன்றும் உள்ளன. பி.வி.சி. குடிநீர்க் குழாய்களில் காரீய நிலைப்படுத்திகளை விலக்கும் விதிகள் 2021இல் வந்தவை. சிவகாசியின் அச்சகங்களில் கணினி வருமுன் எழுத்துக் கோத்தோர் நாள்தோறும் கையாண்ட அச்செழுத்தும் காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் ஆகியவற்றின் கலவையே. நம் சமுதாயத்தின் ஏடுகளும் ஒரு காலத்தில் அவ்வெழுத்துகளால் அச்சானவையே. பட்டாசில் காரீயம், ஆர்சனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஆகிய ஐந்தையும் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

காயலான் கடையும் சுர்மாச் சிமிழும்

நம் சமுதாயத்திற்கு நெருக்கமான இரு பொருள்களைத் தனியே சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடையைத் தமிழர் காயலான் கடை என்பர். காயல்பட்டினத்து வணிகரோடு இச்சொல்லை இணைத்துப் பேசுவது வழக்கம். பழையதை எறியாமல் மீண்டும் பயனாக்கிய அவ்வணிகம் மதிப்பிற்குரியது. ஆனால் இன்று அக்கடைகளுக்கு வரும் பொருள்களுள் வாகன மின்கலம் முதன்மையானது. அதன் எடையில் பெரும்பகுதி காரீயம். செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரை அடுத்த தியாரோயே என்னும் ஊரில், வீட்டு முற்றங்களில் மின்கலங்களை உடைத்துக் காரீயம் பிரித்ததன் விளைவாக, 2007இலும் 2008இலும் 18 குழந்தைகள் உயிரிழந்தனர். அங்கு உடைத்தோர் குற்றவாளிகள் அல்லர். பிழைப்புத் தேடிய ஏழைத் தாய்மார்கள். இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகளும், பழைய மின்கலம் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்கே செல்ல வேண்டும் என்கின்றன. கடைக்காரர் அதனை உடைக்காமல் முழுதாக அனுப்பினால், தம் பிள்ளைகளையே முதலில் காக்கிறார்.

இரண்டாவது சுர்மா. நபி (ஸல்) அவர்கள் இத்மித் என்னும் அஞ்சனத்தைப் பரிந்துரைத்ததாக ஹதீஸ் தொகுப்புகள் கூறும். இத்மித் என்பதை ஆன்டிமனிக் கல் என்றே பொதுவாகக் கொள்வர். ஆனால் அதே கருமையும் பளபளப்பும் உடைய கலீனா என்னும் காரீயக் கல் மலிவாகக் கிடைப்பதால், சந்தையில் சுர்மா என்னும் பெயரில் அதுவே பெரிதும் வந்து நிற்கிறது. 1978இல் பிரிட்டானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, சுர்மா இடப்பட்ட ஆசியக் குழந்தைகளின் குருதியில் காரீயம் மிகுந்திருந்ததைச் சுட்டியது. குழந்தை கண்ணைக் கசக்கி, அவ்விரலை வாயில் வைக்கிறது, அவ்வளவே வேண்டுவது. ஈயத்தில் நேர்ந்த அதே பெயர் மயக்கம் இங்கும் நேர்ந்தது. சுன்னத்தைப் பேண விரும்புவோர், சிமிழில் உள்ளது எக்கல் என்று உறுதி செய்வதும் அப்பேணுதலின் பகுதியே.

செய்யத் தக்கவை

புகுந்த காரீயத்தைப் பின்னர் வெளியேற்றிவிடலாம் என்னும் எண்ணத்தில் அமைதி கொள்ள இயலாது. 2013இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்த 1,708 பேருள் ஒரு பிரிவினருக்கு உலோகங்களைப் பற்றி வெளியேற்றும் மருந்தை நரம்பு வழியே செலுத்தியபோது ஓரளவு நற்பயன் தோன்றியது. ஆனால் மாரடைப்பு கண்ட நீரிழிவு நோயாளிகளிடம் மீண்டும் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், குருதியின் காரீயம் 61 விழுக்காடு குறைந்தும் இதய நிகழ்வுகள் குறையவில்லை. எனவே தடுப்பே வழி. அதுவும் குழந்தைப் பருவத்திலேயே.

தடுப்பு இயலாத ஒன்றன்று என்பதற்கு வங்கதேசம் சான்று. மஞ்சளின் நிறம் கூட்டக் காரீயக் குரோமேட்டைச் சேர்ப்பது அங்கு வழக்கமாகியிருந்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காரீயம் காணப்பட்டது. ஆய்வாளர் எடுத்துரைத்தனர், அரசு எச்சரிக்கைத் தாள்களை ஒட்டியது, மொத்தச் சந்தையில் சோதனை செய்து தண்டனை விதித்தது. 2021இல் அவ்விழுக்காடு பூஜ்யமாயிற்று. பெருஞ்செலவு எதுவும் ஆகவில்லை. அளந்தனர், பெயர் சொன்னார்கள், நிறுத்தினார்கள்.

நம் ஊர்களிலும் தொடங்க வேண்டிய இடம் பொதுச் சமையற்கட்டு. பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சாக்களும், விருந்துகளில் பலர் கூடியுண்ணும் சஹன்களும், திருமண மண்டபங்களின் அண்டாக்களும் ஒரு வீட்டாருக்கு மட்டும் உரியவையல்ல. ஒரு பாத்திரத்தின் பிழை நூறு பேரைச் சேரும். ஜமாஅத் நிர்வாகிகள் வெள்ளீயக் கட்டியைத் தாமே நம்பத்தகுந்த இடத்தில் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, பூசுபவர் கையில் கொடுக்கலாம். அவருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும் இதில் அடங்கும். கூலி குறையும்போதுதான் மலிவான ஈயம் உள்ளே வருகிறது. தூய வெள்ளீயத் தகடு வளைக்கும்போது மெல்லக் கிறீச்சிடும்; காரீயம் தாளில் கரிக்கோடு இழுக்கும். ஆனால் சிறிதளவு கலப்பை இத்தகைய சோதனைகள் காட்டிக்கொடுக்கா. எக்ஸ்-கதிர்க் கருவியோ ஆய்வகமோ வேண்டும். ஐயமுள்ள பாத்திரத்தில் புளிப்பு உணவைச் சமைக்காமலும் இரவில் வைக்காமலும் இருப்பது இன்றே செய்யக் கூடியது. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் எளிய மாற்று. குழந்தைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறையாமல் பார்த்தால், உடல் ஏற்கும் காரீயம் குறையும். இவையெல்லாம் புகையிலையை விடுவதற்கும், அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதற்கும் மாற்றாகா, அவற்றோடு சேர்ந்தவை. பள்ளிக் குழந்தைகளின் குருதியில் காரீயத்தை அளக்கும் முயற்சியை மருத்துவர்களும் கல்லூரிகளும் கைக்கொண்டால், எந்த வாயிலை முதலில் அடைப்பது என்பது ஒவ்வோர் ஊருக்கும் தெளிவாகும்.

இவ்வரலாற்றில் பெரிய ஆலைகளும் அரசுகளும் செய்த தவறுகள் உண்டு; அவற்றைத் திருத்தச் சட்டங்கள் வந்தன. பாத்திரக் கடையில் நின்று கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் எந்தச் சட்டமும் நமக்காகக் கேட்காது. அக்கேள்விக்குரிய சொற்கள் நம் மொழியில் என்றும் உள்ளன. ஈயம் என்று கடைக்காரர் சொன்னால், காரீயமா, வெள்ளீயமா என்று வினவுவோம். விடையை நிறுத்துப் பார்த்தபின் ஏற்போம்.